பாலம் நகர்ந்த தாள்

அலுவலகத்தில் அவளுக்கு 'எதுக்கும் அக்கா' என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் பொருத்தமான பெயர். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது அந்தச் சொல்தான். வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். "எதுக்கும் ஒரு குடை எடுத்துக்கோ" என்பாள். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவனைப் பிடித்து நிறுத்தி, "எதுக்கும் போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு" என்பாள். லிப்டில் ஏறமாட்டாள், நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? மூச்சிரைக்கப் படியேறி வந்து, நாற்காலியில் உட்காரும் முன் அதன் கால்களை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பாள். கணவர் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால் போதும், அவள் மனதுக்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். அவரோ வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு ஆடி அசைந்து வருவார். "பயப்படறதுக்குன்னு தனியா ஒரு சம்பளம் கேளு. குடுத்தாலும் குடுப்பாங்க" என்பார்.

ஒரு விதத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நில அளவை அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவளுக்கு வேலை. பழைய காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைய ஊரின் மேல் உட்காரவைக்க வேண்டும். விமானத்திலிருந்து எடுத்த இன்றைய படம் திரையில் அடியில் கிடக்கும். பழைய தாளைக் கண்ணாடிக் காகிதம் மாதிரி அதன் மேல் போடவேண்டும். எதை வைத்துப் பொருத்துவது? அந்தக் காலத்திலும் இருந்து, இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிற பொருள்களைத் தேடவேண்டும். ஒரு கிணறு, ஒரு தெருமுனை, ஓர் எல்லைக்கல். தாளில் அது இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, படத்தில் அது இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. பிரிவில் அதற்கு 'ஆணி அடிக்கிறது' என்று பெயர். நாலு பக்கமும் ஆணி அடித்தால் தாள் இழுபட்டு, நீண்டு, சுருங்கி, தானாகப் படிந்துவிடும். அதிலுள்ள எல்லைக் கோடுகளெல்லாம் இன்றைய வீடுகளின் மேல் போய் விழும். ஓர் ஆணி தப்பினால் அந்தப் பக்கத்துக் கோடுகள் அத்தனையும் தப்பும்.

எதுக்கும் அக்கா அடித்த ஆணி தப்பியதில்லை. கிணறு என்றால் அது அதே கிணறுதானா, தூர்த்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக வெட்டியதா என்று விசாரிக்காமல் விடமாட்டாள். எல்லைக்கல் என்றால் யாராவது பிடுங்கி நட்டிருப்பார்களோ என்று சர்வேயரை வெயிலில் இன்னொரு நடை நடக்கவைப்பாள். "இந்தம்மாகிட்ட மாட்டினா செருப்பு தேஞ்சுடும்" என்று சர்வேயர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் சிக்கலான தாள் எது வந்தாலும் அது நேராக அவள் மேசைக்குத்தான் வரும்.

அவளுக்கு ஒரு தங்கை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்பமுடியாது. பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். தையல்காரி. வாசலில் போகிறவர்களோடு வாயாடிக்கொண்டே, துணியைப் பார்க்காமல் மெஷினை ஓட்டுவாள். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவன். பாதி நாள் வெளியூரில் இருப்பான். இவர்கள் வாய்க்கால் ஓரமாக ஒரு சின்ன வீட்டைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று யோசித்தபோது, தங்கை நேராக அக்காவிடம் வந்தாள்.

"நீ பாத்துச் சொல்லுக்கா. உனக்குப் பயம் வரலைன்னா வாங்கிடறோம்."

அந்தப் பகுதிக்கு அப்போது அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது கடைசியாக அளந்த வரைபடம் மட்டும்தான். அதை அக்கா பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், நேரில் போய் வீட்டைச் சுற்றிவந்தாள். மனை வேறு, வாய்க்கால் வேறு, எல்லை சுத்தம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "பயப்படாம வாங்கு."

"நீயே சொல்லிட்டியா! இனிமே பூமி பொளந்தாலும் எங்க வீடு நிக்கும்" என்று தங்கை சிரித்தாள். கையிலிருந்தது, கழுத்திலிருந்தது எல்லாம் அந்த வீட்டுக்குள் போயிற்று. முன்னறையில் தையல் மெஷின், பின்னால் ஒரு கோழிக்கூடு, நடுவில் இரண்டு பேர் வாழ்க்கை.

போன மழைக்கு வாய்க்கால் கரையை மீறி ஊருக்குள் வந்துவிட்டது. கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கடைசியில் வாய்க்காலைக் காலங்காலமாகத் தூர்த்துத் தூர்த்துக் குறுக்கிவிட்டார்கள் என்று முடிவாகி, மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இருப்பதிலேயே பழைய வரைபடத்தில் வாய்க்கால் எவ்வளவு அகலமோ, அவ்வளவும் வாய்க்கால். அதற்குள் எது நின்றாலும் எடுத்தாகவேண்டும். அதற்காகப் பழைய தாள்களையெல்லாம் வருஷவாரியாகத் திரையில் அடுக்கினார்கள். அடியில் ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதை இடப்பக்கம் இழுத்தால் ஊர் பின்னோக்கிப் போகும். வீடுகள் மறையும், மனைகள் ஒன்றோடொன்று சேரும், வாய்க்கால் அகலமாகும். வலப்பக்கம் இழுத்தால் எல்லாம் திரும்பி வரும். எல்லோரும் விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். எதுக்கும் அக்கா மட்டும் அந்தக் கட்டையைத் தொடவே தயங்கினாள்.

தங்கை வீடு இருக்கும் பகுதியின் பழைய தாள் அவளிடம்தான் வந்தது. மஞ்சள் பூத்து, மடிப்பில் கிழிந்த தாள். கிணற்றில் ஓர் ஆணி, தெருமுனையில் ஒன்று, எல்லைக்கல்லில் ஒன்று. நாலாவதற்கு வாய்க்கால் பாலம் கிடைத்தது. தாளிலும் பாலம் இருக்கிறது, படத்திலும் பாலம் இருக்கிறது. அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

பழைய வாய்க்காலின் கரை தங்கை வீட்டுக் கோழிக்கூட்டை உரசிக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான். வீடு தப்பித்தது. எதிர்க்கரையில் ஒரு வரிசை வீடுகள் முழுசாக உள்ளே போயிருந்தன. ஆனால் அந்த நிமிஷத்தில் அவளுக்கு அது கண்ணில் படவில்லை. விட்ட மூச்சில் மேசை மேலிருந்த காகிதம் நகர்ந்தது. தாளைச் சேமித்து மேலே அனுப்பிவிட்டாள். இன்னொரு தரம் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தாளை அவள் திறக்கவே இல்லை. வேறு யாராவது திறந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு குறுகுறுப்பு. தங்கையோ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்குக் கோழிக்கூட்டோட போச்சு. எங்கக்கா போட்ட கோடு. வீட்டைத் தொடுமா?"

எதிர்க்கரை வீடுகளின் சுவர்களில் சிவப்பு மையால் அடையாளம் போட்டார்கள். காலி செய்யச் சொன்னார்கள். இடிக்கும் நாளும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தின நாள் காலை, எங்கோ ஒரு பெட்டியில் கிடைத்த இன்னொரு விமானப் படத்தை அடுக்கில் சேர்த்திருந்தார்கள். பழைய தாளுக்கும் இன்றைக்கும் நடுவில் எடுத்தது, கறுப்பு வெள்ளை. சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கச் சொன்னார் பிரிவு அதிகாரி. அக்கா கட்டையை மெதுவாக இழுத்தாள். இன்றைய படம், கறுப்பு வெள்ளைப் படம். மறுபடி இன்றைய படம், மறுபடி கறுப்பு வெள்ளை. தெருமுனை அசையவில்லை. கிணறு அசையவில்லை. பாலம் குதித்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். திரும்ப வைத்து இழுத்தாள். பாலம் மறுபடியும் குதித்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பாலம் கீழே, தண்ணீர் போகும் திசையில் தள்ளி இருந்தது. இன்றைய படத்தில் மேலே இருந்தது. எப்போதோ பழைய பாலம் விழுந்து, மேலே தள்ளிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அவள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே நடந்தது. பழைய தாளில் இருப்பது விழுந்துபோன பாலம். அவள் ஆணி அடித்தது புதுப் பாலத்தில்.

சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் அவரவர் திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் பாலத்தைப் பார்க்கப்போகிறார்கள்? கோட்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஒற்றை ஆணியில் தாளின் அந்தப் பக்கம் முழுவதும் மேலே இழுபட்டிருக்கிறது. வாய்க்கால் அந்த இடத்தில் பாம்பு மாதிரி இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. தாள் இழுபட்டால் வளைவும் இடம் மாறும். வளைவு யார் பக்கம் வயிறு தள்ளுகிறதோ அவர்கள் வீடு போயிற்று.

அந்தப் பழைய தாளுக்கு ஒரு நகலை எடுத்து, அதில் மட்டும் ஆணியை மாற்றிப் பார்க்கலாம். பார்த்தால்தானே தெரியும்? அவளால் முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கால்கள் தாமாக வாய்க்கால் பக்கம் நடந்தன. தங்கை வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்க்கரையில் போய் நின்றாள்.

ஒருவர் ஜன்னல் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் மெத்தைகளும் பாத்திரங்களும் கிடந்தன. சிவப்பு மை பூசிய சுவருக்கு முன்னால் ஒரு பெண் பழைய துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, நீங்க ஆபீஸா?"

அக்காவின் கை தானாக அட்டையை மூடியது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாங்கன்னு தெரியுமாம்மா? எம் பொண்ணுக்குப் பரீட்சை இருக்கு. அவ கெளம்பிப் போனப்புறம் இடிச்சா நல்லாருக்கும். பாத்துட்டுப் போனா எழுத ஓடாது பாருங்க."

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் எதுக்கும் அக்கா. அந்தப் பெண் நன்றி வேறு சொன்னாள். அந்த நன்றியைத் தாங்க முடியாமல் அவள் ஏறக்குறைய ஓடி வந்தாள்.

திரும்பி வந்து நகல் எடுத்தாள். பாலத்தின் ஆணியைப் பிடுங்கி, பழைய பாலம் இருந்த இடத்தில் அடித்தாள். மனதில் ஒரு நப்பாசை இருந்தது. கோடு இரண்டு கரை வீடுகளுக்கும் நடுவில், தண்ணீரிலேயே விழுந்துவிடக் கூடாதா? ஒரு தடவையாவது யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போகக் கூடாதா? பொத்தானை அழுத்தினாள்.

எதிர்க்கரை வீடுகளை விட்டுக் கோடு நழுவியது. எல்லா வீடுகளையும் விட்டது. ஆனால் இந்தக் கரைக் கோடு கோழிக்கூட்டைத் தாண்டி, தங்கையின் வீட்டுக்குள் நுழைந்து, நிற்காமல் போயிற்று. கூரை முழுவதையும் கடந்து தெருவில் போய் நின்றது. தங்கை வீடு வாய்க்காலுக்குள் கிடந்தது.

அவள் அழிக்காமல் மறுபடி பார்த்தாள். வேறு கிணற்றை வைத்துப் பார்த்தாள், கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இன்னும் இரண்டு தெருமுனைகளைத் தேடி எடுத்துச் சேர்த்துப் பார்த்தாள். எவ்வளவு ஆணி அடித்தாலும் கோடு தெருவிலேயே நின்றது. இவ்வளவு நாளும் நடக்காததற்கெல்லாம் பயந்து பயந்து பழகியவளுக்கு, நிஜமாக நடந்துவிட்ட ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது என்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நகலை மூடிவிட்டால் போதும். ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாளைக்கு எதிர்க்கரை இடிந்துவிடும். இடிந்த பிறகு பாலத்தை யார் தேடுவார்கள்? தங்கை கோழிக்கூட்டை இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வாள். அதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் மிகவும் பயந்துபோனாள். அன்றைக்குப் பாலத்தில் ஆணி அடித்துவிட்டு விட்ட மூச்சும் இதே நிம்மதிதான்.

நகலைப் பழைய தாளின் இடத்தில் சேமித்தாள். மாற்றியதற்குக் காரணம் என்ன என்று திரை கேட்டது. 'பாலம் இடம் மாறியுள்ளது. முன்பு அடித்த புள்ளி தவறு' என்று எழுதினாள். அதன் கீழே அவள் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

அவளே கூப்பிட்டுக் காட்ட, பிரிவு அதிகாரி கட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. முதலில் அவளைத் திட்டினார், பிறகு தன்னையே திட்டிக்கொண்டார், பிறகு போனை எடுத்து இடிக்கும் ஆட்களை நிறுத்தச் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

"இந்தப் பக்கம் இப்ப உள்ள போறது யாரு வீடும்மா?"

"என் தங்கச்சி வீடு சார்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா. ஏன் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சு சார்" என்றாள். வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிர்க்கரையில் மெத்தைகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கழற்றியவர் சட்டத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்க்காதது போல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

தங்கை பின்கட்டில், கோழிக்கூட்டைப் பெயர்த்து வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"வா வா, சரியான நேரத்துக்கு வந்தே. அந்தப் பக்கம் இடிக்கலையாமே? தப்பாப் போட்டுட்டாங்களாம். பாவம், தப்பிச்சாங்க. நம்மளுதும் மாறிடுச்சா? கோழிக்கூடு இருக்கட்டுமா, எடுக்கணுமா?"

"எடுக்கணும்."

"எதுவரைக்கும் வருது சொல்லு, அதுக்கு இந்தப் பக்கம் வெச்சுக்கறேன். இதுவரைக்குமா?" என்று தங்கை காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள்.

"இன்னும்" என்றாள் அக்கா.

தங்கை சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து சமையலறை வாசற்படியில் ஏறி நின்றாள். "படியும் போகுதா? போனாப் போகுது. இதுவரைக்குமா?"

"இன்னும்."

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தங்கை போகிற போக்கில் அதை அணைத்தாள். சிரிப்பு பாதியாகிவிட்டது. "சமையல்ரூமேவா? சரி. முன்னாடி ஒரு தடுப்புப் போட்டு அடுப்பை வெச்சுக்கலாம். இங்கயா?"

"இல்ல."

அக்கா முன்னால் நடக்க, தங்கை பின்னால் வந்தாள். படுக்கையறையில் மடித்துவைத்த போர்வை. அக்கா நிற்கவில்லை. முன்னறையில் மெஷினில் யாருடையதோ ஒரு சட்டை, பாதி தைத்த கையோடு மாட்டியிருந்தது. அங்கே கொஞ்சம் நின்றாள். தங்கை நம்பிக்கையோடு, "இங்கதானா?" என்று கேட்டாள். அக்கா இல்லையென்று தலையசைத்துவிட்டு வெளியே போனாள். வாசற்படி, முன்வாசல், கதவு எல்லாவற்றையும் தாண்டித் தெருவில் இறங்கி, மின்கம்பத்துப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்க" என்றாள்.

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கிருந்து மின்கம்பத்தைப் பார்த்தாள், திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள்.

"யாருக்கா மாத்தினது?"

மெஷின் மாற்றியது என்று சொல்லலாம். அதிகாரி என்று சொல்லலாம். மேலிடம் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வழியில் இதெல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள்.

"நாந்தான். ஆணியை மாத்தி அடிச்சேன். முன்னாடி அடிச்சது தப்பு."

திட்டுவாள், கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்றுதான் அக்கா பயந்துகொண்டு வந்தாள். நீதானே வாங்கச் சொன்னாய் என்று கேட்பாள். தங்கை எதுவும் கேட்கவில்லை. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"வேன் இப்ப வந்துடும்" என்றாள். "அவர்கிட்ட நீயே சொல்லிடுக்கா. எனக்குப் பயமா இருக்கு."

தங்கை வாயிலிருந்து அந்த வார்த்தையை அக்கா இதுவரை கேட்டதே இல்லை. தெருவிலிருந்து திரும்பி நடந்து வந்து, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேன் சத்தத்துக்காகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.